தலைநோயும் யாப்பியமும்: உரையாசிரியர் விட்டுச்சென்ற ஒரு சொல்

தலைநோயைப் பற்றித் தமிழ் மருத்துவ மரபில் வழங்கும் கதைகளுள் தேரையர் கதையே பலரும் அறிந்தது. ஓர் அரசனுக்குத் தீராத மண்டையிடி. அவன் உறங்கும்போது மூக்கின்வழிப் புகுந்த சிறு தேரை ஒன்று கபாலத்துள் தங்கி வளர்ந்ததே நோய்முதல் என அகத்தியர் உணர்கிறார். கபாலத்தைத் திறந்தபின் மூளையைப் பற்றிக்கிடக்கும் தேரையை ஊறின்றி எடுப்பது எவ்வாறு எனத் தயங்குகிறார். உடனிருந்த மாணவர் ஒரு பாத்திரத்தில் நீர் கொணர்ந்து அருகே காட்ட, தேரை நீரை நோக்கித் தாவிவிடுகிறது. அரசன் நலம் பெறுகிறான். மாணவர் தேரையர் எனப் பெயர் பெறுகிறார். கதை ஊருக்கு ஊர் சிறிது வேறுபட்டு வழங்கினும் திறந்த கபாலமும் தாவும் தேரையும் மாறுவதில்லை.

இதே தேரையர் பெயரில் வழங்கும் மற்றொன்று நோயணுகா விதி. பிணியணுகா விதி என்றும் இதனைக் கூறுவர். நோய் வந்தபின் செய்வதை விடுத்து, வாராமல் காக்கும் நாளொழுக்கத்தைச் சில பாடல்களில் தொகுத்துரைப்பது இது. கதையில் வரும் மாணவரும் இப்பாடல்களை யாத்தவரும் ஒருவரே எனக் கொள்வதற்குச் சான்றில்லை. எனினும், கபாலம் திறந்த கதைக்கும் கபாலம் திறக்கவேண்டிய நிலை வாராமல் காக்கும் விதிக்கும் மரபு ஒரே பெயரைச் சூட்டியிருப்பது எண்ணத்தக்கது. அவற்றுள் கதை நாடெங்கும் பரவியது. விதியோ சித்த மருத்துவ மாணவர் மனப்பாடம் செய்யும் பகுதியாகச் சுருங்கிவிட்டது.

அடிக்கடி வந்து, நீங்கி, மீண்டும் வரும் தலைவலியை இந்திய மருத்துவ நூல்களும் அவற்றை அறிந்த தமிழ் உரையாசிரியரும் எவ்வாறு நோக்கினர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒருவருக்கு ஏற்றதை அறிந்து, வருமுன் காத்து, வலியோடு வாழ்நாளை நடத்திச்செல்லும் முறைக்கு அவர்களிடம் ஒரு சொல் இருந்தது. திருக்குறள் உரையில் அச்சொல்லை நாம் படித்திருக்கிறோம், படித்துவிட்டுக் கடந்திருக்கிறோம்.

சீவகன் கண்ட இருவர்

கபாலம் திறக்கும் கதை தேரையர்க்கு மட்டும் உரியதன்று. பல்லாளர் இயற்றிய போஜப்பிரபந்தத்தில் போஜனின் தலைநோய்க்கு அசுவினி தேவர் மாற்றுருவில் வந்து மண்டையைத் திறந்து உள்ளிருந்த மீனை எடுக்கின்றனர். இவ்விரண்டினும் பழையது பாலி வினயபிடகத்தின் மகாவக்கம் கூறும் சீவகன் கதை. சீவகசிந்தாமணியின் தலைவனுக்கும் இவனுக்கும் தொடர்பில்லை. இவன் தட்சசீலத்தில் ஏழாண்டு மருத்துவம் கற்று, மகத வேந்தன் பிம்பிசாரனுக்கும் புத்தர்க்கும் மருத்துவம் செய்தவன்.

கல்வி முடித்துத் திரும்பும் வழியில் சாகேத நகரத்துச் செட்டி ஒருவனின் மனைவியை அவன் காண்கிறான். ஏழாண்டாகத் தலைநோயால் வருந்தும் அவள், புகழ்பெற்ற மருத்துவர் பலர் வந்து பொன் பெற்றுச் சென்றனரேயன்றி நோய் நீங்கவில்லை என்றும், இந்த இளைஞனால் என்ன ஆகும் என்றும் கூறி முதலில் மறுக்கிறாள். நலம் பெற்றபின் விரும்பியதைத் தந்தால் போதும் என்று சீவகன் இசைவு பெறுகிறான். கையளவு நெய்யில் மருந்துகளைக் காய்ச்சி மூக்கில் வார்க்கிறான். நெய் வாய்வழி வர அவள் அதனை உமிழ்ந்து, பணிப்பெண்ணிடம் பஞ்சால் ஒற்றி எடுத்துவைக்கச் சொல்கிறாள். இத்தகைய கருமியிடம் என்ன ஊதியம் கிடைக்கும் என மருத்துவன் முகம் வாடுகிறான். குடும்பம் நடத்துவோர்க்கு இச்சிக்கனம் தெரியும், இந்த நெய் ஏவலர் காலில் தேய்க்கவும் விளக்கெரிக்கவும் உதவும் என்று அவள் விடை கூறுகிறாள். துறவியர்க்கான ஒழுக்க நூலில் இல்லறத்துப் பெண்ணின் குரல் இவ்வளவு தெளிவாகக் கேட்பது அரிது.

இரண்டாமவன் இராசகிருகத்து வணிகன். இவனுக்கும் ஏழாண்டுத் தலைநோய். ஐந்தாம் நாள் இறப்பான் என்று சிலரும் ஏழாம் நாள் இறப்பான் என்று சிலரும் கூறி மருத்துவர் கைவிட்டுவிட்டனர். ஒருபுறமாக ஏழு மாதம், மறுபுறமாக ஏழு மாதம், மல்லாந்து ஏழு மாதம் படுத்திருக்க முடியுமா எனச் சீவகன் கேட்கிறான், வணிகன் இசைகிறான். கட்டிலோடு அவனைக் கட்டி மண்டையைத் திறந்து இரு புழுக்களை எடுத்துத் தைத்துவிடுகிறான் சீவகன். ஆனால் வணிகனால் ஒவ்வொரு கிடையிலும் ஏழு நாளுக்குமேல் பொறுக்க முடியவில்லை. அப்போது சீவகன், மூவேழு நாளில் நலமாகும் என்று தனக்கு முன்பே தெரியும் என்றும், மாதக் கணக்குக் கூறியிராவிட்டால் அத்தனை நாள்கூட வணிகன் படுத்திருக்கமாட்டான் என்றும் கூறுகிறான்.

கதையைக் கேட்போர் புழுவையே நினைவில் கொள்வர். நமக்கு வேண்டியது அந்தக் கணக்கு. நோயை மட்டுமன்றி நோயாளி எவ்வளவு பொறுப்பான் என்பதையும் மருத்துவன் அளந்திருக்கிறான். ஆயினும் இக்கதைகள் அனைத்தும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன: தேரையோ, மீனோ, புழுவோ நீங்கியதும் நோய் முற்றாக நீங்கிவிடுகிறது. நெய் வார்த்த பெண்ணுக்கும் அவ்வாறே. அடுத்த திங்களில் மீண்டும் வலி வந்ததாக எந்தக் கதையும் கூறவில்லை. உண்மையில் தலைநோயாளர் பெரும்பாலோரின் துன்பம் அந்த மீள்வரவுதான். கதை கூறாத அதனை நூல்களில் தேடவேண்டியுள்ளது.

உரையில் ஒரு சொல்

திருக்குறளின் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தில் 949ஆம் குறள், கற்றறிந்த மருத்துவன் நோயுற்றவனின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணிச் செய்யவேண்டும் என்கிறது. மூன்று அளவுகளுள் முதலில் வைக்கப்பட்டது ஆள். நோய் அதன்பின்னரே வருகிறது. இவ்வைப்புமுறை தற்செயலானது எனக் கொள்ள எனக்கு மனமில்லை. எனினும் அதன்மேல் பெரிய கோட்டையும் எழுப்பவேண்டியதில்லை.

பரிமேலழகர் இவ்வளவுகளை விரிக்கிறார். உற்றவனின் அளவு என்பது அவனது உடற்பகுதி, அதாவது இயல்பு, பருவம், வேதனை, வலிமை ஆகியவற்றின் அளவு. பிணியின் அளவைக் கூறும்போது நோயை மூவகையாகப் பகுக்கிறார்: சாத்தியம், அசாத்தியம், யாப்பியம். தீர்வது, தீராதது என்னும் இரண்டையும் விளக்கவேண்டியதில்லை. மூன்றாவதே இங்குக் கருதத்தக்கது.

யாப்பியம் என்பதைக் கண்டவுடன் தமிழ் மாணவர் நெஞ்சில் யாப்பு தோன்றும். இரண்டிற்கும் உறவில்லை. யாப்பு கட்டுதற்பொருளில் பிறந்த தமிழ்ச்சொல். யாப்பியமோ காலத்தைக் கடத்துதல், நடத்திச்செல்லுதல் என்னும் பொருளுடைய வடமொழி வினையடியாகப் பிறந்தது. முற்றாக நீங்காது, உடனே கொல்லவும் செய்யாது, தக்க உணவாலும் ஒழுக்கத்தாலும் மருந்தாலும் தாங்கி நடத்தத்தக்க நோய் யாப்பியம் எனப்படும். சரகசங்கிதை இதனைத் தீரா நோய்களுள் ஒரு பிரிவாக வைக்கிறது. சுசுருதர் ஓர் உவமை தருகிறார்: சாயும் வீட்டுக்குச் செம்மையாக முட்டுக்கொடுத்த தூண் அதனைத் தாங்குவதுபோல, தக்க மருத்துவம் யாப்பிய நோயாளியைத் தாங்கும். தூண் வீட்டைப் புதிதாக்குவதில்லை. அதனை எடுத்துவிட்டால் வீடு மீண்டும் சாயும். ஆனால் தூண் நிற்கும்வரை அந்த வீட்டில் குடியிருக்கலாம்.

வகுப்பறையில் இவ்வதிகாரம் நடத்தும்போது மருத்துவத்தின் நாற்கூறுகளைக் கேள்வியாகக் கேட்போம். நோய்முதல் நாடுதல் பற்றிப் பேசுவோம். யாப்பியம் பற்றி ஒரு வினாத்தாளிலும் நான் கண்டதில்லை, நானும் கேட்டதில்லை. தீரும், தீராது என்னும் இருமைக்குள் நோயை நிறுத்திப் பழகிய நமக்கு மூன்றாவது பெட்டி கண்ணில் படவில்லை போலும்.

ஒத்துக்கொள்ளாதது

சரகசங்கிதையின் சூத்திரத்தானம் 17ஆம் அத்தியாயம் தலைநோயின் காரணங்களை வரிசைப்படுத்துகிறது. இயற்கை வேகங்களை அடக்கல், பகலுறக்கம், இரவில் விழித்தல், மது, உரத்துப் பேசல், பனி, கீழ்க்காற்று, மிகுபுணர்ச்சி, ஒவ்வாத மணத்தை முகர்தல், தூசி, புகை, குளிர், வெயில், கனத்த உணவும் புளிப்பும், மிகக் குளிர்ந்த நீர், தலையில் அடி, அழுகை, கண்ணீரை அடக்கல், மேகம் கூடல், மனத்துயர், நிலமும் பருவமும் மாறுபடல் ஆகியன அதில் இடம்பெறுகின்றன. ஒற்றைத் தலைவலி நோயாளியிடம் இன்றைய மருத்துவமனை தரும் வினாப்பட்டியலைப் பார்த்தவர்க்கு இவ்வரிசை வியப்பளிக்கும். அழுகையும் காரணம், அழாமல் அடக்கிய கண்ணீரும் காரணம் என இரண்டையும் அடுத்தடுத்துக் கூறியவர் நோயாளர் பலரோடு அமர்ந்து பேசியவராகத்தான் இருக்கவேண்டும்.

இவ்வரிசையில் மணத்திற்கு மட்டும் ஓர் அடை உண்டு. எல்லா மணமும் அன்று, அசாத்மியமான மணம். சாத்மியம் என்பது ஒருவர் உடலுக்குப் பழகிப் பொருந்தியது, அசாத்மியம் பொருந்தாதது. ஒருவருக்கு மல்லிகை, மற்றொருவருக்குச் சாம்பிராணி, வேறொருவருக்குத் தாளிக்கும் நெடி. விமானத்தானம் நோயாளியைத் தேர்ந்தறியக் கூறும் பத்து வகைகளுள் சாத்மியமும் ஒன்று. தமிழில் இதற்கென நூற்சொல் தேடவேண்டியதில்லை. எண்ணெய் தேய்த்தால் எனக்கு ஒத்துக்கொள்ளாது, தயிர் எனக்குச் சேராது என்று வீடுதோறும் கூறுகின்றனர். ஒத்துக்கொள்ளல் என்னும் இவ்வினையின் எழுவாய் மருந்தோ உணவோதான். நான்காம் வேற்றுமையில் நிற்பவர் ஆள். ஆள் இல்லாமல் அவ்வாக்கியம் நிறைவு பெறாது.

நோயறியும் வழிகளை வடநூலார் ஐந்தாக வகுத்தனர்: காரணம், முற்குறி, குறி, உபசயம், நோய் உருவாகும் முறை. இவற்றுள் உபசயம் என்பது எதைக் கொடுத்தால் இந்நோயாளிக்குத் தணிகிறது என்று பார்த்து நோயை அறிதல். ஒருவரிடத்தே செய்துபார்த்து ஒருவருக்காகப் பெறும் அறிவு அது. காரணத்தையும் முற்குறியையும் வேறுவேறாக வைத்ததும் நுட்பமானது. அண்மைக்கால ஆய்வாளர் இதே இடத்தில் இடர்ப்படுகின்றனர். இனிப்பு உண்டதால் வலி வந்தது என்று நோயாளி கருதுகிறார். வலி தொடங்குமுன்னரே மூளையில் நிகழும் மாற்றத்தால் இனிப்பின்மேல் வேட்கை எழுந்திருக்கவும் கூடும். அப்படியாயின் இனிப்பு காரணமன்று, முற்குறி. இரண்டையும் பிரித்தறியாமல் உணவுகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போவோர் உண்ண ஒன்றுமின்றித் தவிப்பதைக் காண்கிறோம்.

மீள்வரவும் நூல்களில் பதிவாகியுள்ளது. தலையின் ஒருபாதியைப் பிளப்பதுபோல் வரும் அர்த்தாவபேதகம் பத்து நாளுக்கு ஒருமுறையோ பதினைந்து நாளுக்கு ஒருமுறையோ திடீரெனவோ வரும் என்கிறார் சுசுருதர். பதினைந்து நாளிலோ ஒரு திங்களிலோ எழுந்து தானே தணியும் என்கிறார் வாக்படர். ஞாயிறு ஏற ஏற மிக்கு, சாயச் சாயத் தணியும் வலிக்குச் சூரியாவர்த்தம் எனத் தனிப்பெயர் இட்டனர். நோய்க்குப் பெயரிடும்போதே காலத்தையும் சேர்த்துப் பெயரிட்டுள்ளனர் என்பது குறிப்பிடத்தக்கது. கிரேக்க மருத்துவர் காலன் அரைத்தலை எனப் பொருள்படும் சொல்லால் குறித்ததே பல மொழிகளில் தேய்ந்து இன்று மைக்ரேன் என வழங்குகிறது. அதுவும் நம் ஒற்றைத் தலைவலியும் இடத்தைக் கூறும் பெயர்கள். காலத்தைக் கூறுவன அல்ல.

தேரையரின் நாட்கணக்கு

நோயணுகா விதியைப் படிப்போர் முதலில் காண்பது எண்கள். வாந்திமருந்து ஆறு திங்களுக்கு ஒருமுறை; பேதிமருந்து நான்கு திங்களுக்கு ஒருமுறை; மூக்கில் மருந்திடும் நசியம் ஒன்றரைத் திங்களுக்கு ஒருமுறை; கண்ணுக்கு மை மூன்று நாளுக்கு ஒருமுறை; எண்ணெய் முழுக்கு நான்கு நாளுக்கு ஒருமுறை. உணவு நாளுக்கு இருவேளை. உறக்கம் இரவில் மட்டும், பகலில் இல்லை. நள்ளிரவில் மணப்பொருளையும் மலரையும் முகர்தல் விலக்கப்பட்டது. இவ்வாறு ஒழுகும் நம்மிடத்தில் எமனுக்கு என்ன வேலை என்ற பொருளில் பாடல்கள் முடிகின்றன.

இவை தலைநோய்க்கென்று கூறப்பட்டன அல்ல, பொதுநலத்திற்கானவை. எனினும் இவற்றைச் சரகரின் காரண வரிசைக்கு அருகில் வைத்தால் பகலுறக்கம், மணம், எண்ணெய், நசியம் என ஒன்றோடொன்று பொருந்துவன பல. நாள்தோறும் தலைக்கு எண்ணெய் இடுவோர்க்குத் தலைவலி வாராது எனச் சரகர் வெளிப்படையாகவே கூறியுள்ளார். தேரையர் அதனை முழுக்காக்கி நாட்கணக்கில் வைக்கிறார். ஆடவர்க்குப் புதனும் சனியும், பெண்டிர்க்குச் செவ்வாயும் வெள்ளியும் என்னும் ஊர்வழக்கை எண்ணிப் பார்த்தால், இரு முழுக்குகளுக்கு இடைப்பட்டது மூன்று அல்லது நான்கு நாள். நூல்விதி வழக்கானதா, வழக்கு நூல்விதியானதா என்று முடிவுசெய்ய இயலாது, கணக்கு ஒன்றே.

சித்த மருத்துவ நூல்கள் கூறும் பதினான்கு வேகங்களையும் இங்கு நினைவுகூரலாம். தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, நீர்வேட்கை, உறக்கம், கண்ணீர் முதலியவற்றை அடக்கினால் நோய் பிறக்கும் என்பது அக்கோட்பாடு. நிலத்தையும் பொழுதையும் அவை சேர்த்து எண்ணுகின்றன. குறிஞ்சி முதல் பாலை ஈறான ஐந்நிலத்திற்கும் உரிய நோயியல்பு கூறி, மருதத்தை நோய் நீங்கும் நிலமாக வைத்தனர். கார் முதல் முதுவேனில் ஈறான ஆறு பெரும்பொழுதுகளிலும் வளி, அழல், ஐயம் மூன்றும் தம் நிலையில் வளர்வதும் பிறவிடத்துப் பரவுவதும் தணிவதும் கூறினர். தொல்காப்பியம் முதற்பொருள் எனக் கொண்ட நிலமும் பொழுதும் மருத்துவத்திலும் முதற்பொருளாக நிற்கின்றன. அகத்திணை ஆய்வாளர் இப்பக்கம் திரும்பிப் பார்த்தது குறைவே.

ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. செய்வோம், செய்யோம் எனப் பாடலில் பேசும் அந்த நாம் யார்? சவரம், மாதரைச் சேரும் முறை முதலியவற்றுக்கு விதி கூறுவதால் அது ஆடவர் குரல் என்பது தெளிவு. நாளுக்கு இருவேளை உணவைத் தாமே முடிவுசெய்து, பேதிமருந்துக்கு ஒருநாள் ஒதுக்கி, இரவு முழுதும் உறங்க இயன்ற குடித்தலைவரின் குரல் அது. அதே வீட்டில் புகையடுப்பின் முன் இருந்தவளும் அவர் வயலில் உச்சிவெயிலில் குனிந்து நின்றவளும் அந்த நாமில் இல்லை. புகையும் வெயிலும் பசியும் இரவு விழிப்பும் காரணம் என நூல் கூறுகிறது; அவற்றைத் தவிர்க்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதை நூல் கூறவில்லை. இக்குறை பழமைக்கு மட்டும் உரியதன்று. மன அழுத்தத்தைத் தவிருங்கள், நேரத்திற்கு உறங்குங்கள் என்று இன்று கூறும் அறிவுரையும் நேரம் தம் கையில் இருப்போர்க்கே உதவும். இரவுப்பணி செய்யும் செவிலியரிடம் அதனைக் கூறுவது எளிது. கூறிவிட்டால் பொறுப்பு அவர் தலைக்கே போய்விடுகிறது.

சீசாவின் காலம்

1893இல் நாகேசுவர ராவ் பம்பாயில் அமிர்தாஞ்சன் தைலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1914இல் அந்நிறுவனம் சென்னைக்கு வந்தது. 1899இல் செருமனியின் பேயர் நிறுவனம் ஆசுப்பிரினைச் சந்தைக்கு அனுப்பியது. நெற்றிப்பொட்டில் தடவும் மஞ்சள் தைலமும் நீரில் விழுங்கும் வெள்ளை வில்லையும் தென்னாட்டு வீடுகளில் தலைவலிக்கு மறுபெயராயின. இவற்றால் விளைந்த நன்மையை மறுக்கவேண்டியதில்லை. மருத்துவரை அணுக வழியற்ற எத்தனையோ பேருக்கு வலியடக்கும் பொருள் கைக்கு எட்டியது. வயலில் நின்றவளுக்கும் எட்டியது. ஆனால் சீசாவில் ஆளின் பெயர் இல்லை. யாருக்கும், எப்போதும், எந்தத் தலைவலிக்கும் ஒன்றே. மருத்துவச் சுவடிகள் அச்சேறிய காலமும் இதுவே. அச்சில் மருந்துச் சரக்கும் எடையும் செய்முறையும் நிலைபெற்றன. நாடி பார்த்து, நிலமும் பொழுதும் கேட்டு அவற்றை ஆளுக்கேற்ப மாற்றிய ஆசான் அச்சேறவில்லை. வாகடத்தை மருந்துக்குறிப்புத் தொகுதியாக நாம் படிக்கப் பழகியது அதனால் எனலாம்.

வருமுன் காத்தல் நவீன மருத்துவத்தில் வேறு வழியாக வந்துசேர்ந்தது. 1959இல் இத்தாலிய மருத்துவர் சிக்குத்தேரி மெத்திசெர்சைடு என்னும் மருந்தைத் தொடர்ந்து கொடுத்து ஒற்றைத் தலைவலியின் வரவைக் குறைக்கலாம் எனக் காட்டினார். நீண்டநாள் உண்டோர்க்கு உள்ளுறுப்புகளில் தழும்புத்திசு படர்வது பின்னர்த் தெரியவந்தது. 1966இல் நெஞ்சுவலிக்குப் புரோப்ரனலால் கொடுத்து ஆய்ந்தபோது ஒரு நோயாளியின் ஒற்றைத் தலைவலியும் தணிந்தது கவனிக்கப்பட்டது. தேடாமல் கிடைத்த அந்தக் குறிப்பிலிருந்தே இன்றும் வழங்கும் தடுப்பு மருந்து ஒன்று பிறந்தது. உபசயம் என்னும் பழஞ்சொல்லுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ? 1980களில் தொடங்கிய நரம்புப் புரத ஆய்வின் பயனாக, சி.ஜி.ஆர்.பி. எனப்படும் பொருளின் செயலைத் தடுக்கும் ஊசிமருந்து 2018இல் வந்தது. ஒற்றைத் தலைவலிக்கென்றே வடிவமைக்கப்பட்ட தடுப்பு மருந்து அது. பிறநோய்க்கு வந்து இதற்குப் பயன்பட்டதன்று.

பன்னாட்டுத் தலைவலிச் சங்கம் 1988இல் முதல் வகைப்பாட்டை வெளியிட்டது. இன்று வழங்கும் மூன்றாம் பதிப்பு 2018இல் வந்தது. திங்களுக்கு 15 நாளோ மேலோ, மூன்று திங்களுக்கு மேலாகத் தலைவலி இருந்து, அவற்றுள் குறைந்தது 8 நாளில் ஒற்றைத் தலைவலியின் இயல்பு காணப்பட்டால் அது நாட்பட்ட ஒற்றைத் தலைவலி. வலிமாத்திரையே வலியைப் பெருக்கும் நிலையையும் அது வரையறுக்கிறது: தலைநோய் உள்ளவர் எளிய வலிமாத்திரையைத் திங்களுக்கு 15 நாளோ, திரிப்டான் போன்றவற்றை 10 நாளோ, மூன்று திங்களுக்கு மேல் உட்கொண்டுவரின் தலைவலி குறையாமல் வளரும். சீசாவின் காலம் விட்டுச்சென்ற நோய் இது. மாத்திரையை எண்ணாதவர்க்கு இது தெரியவும் வாராது.

தடுப்பு மருந்து ஒன்று வெற்றி பெற்றதா என ஆய்வாளர் எவ்வாறு அளக்கின்றனர் என்பதும் நோக்கத்தக்கது. வலி முற்றாக நின்றதா என்பதன்று முதன்மைக் கேள்வி. திங்களில் வலியுள்ள நாள்கள் பாதியாகவேனும் குறைந்தனவா என்பதே. இருபது நாள் பத்தானால் அது வெற்றி. இவ்வளவுகோலைக் கண்டபோதுதான் பரிமேலழகரின் மூன்றாம் வகை எனக்கு விளங்கிற்று. தூண் நிற்கிறது, வீட்டில் குடியிருக்கலாம்.

சில எச்சரிக்கைகள்

அர்த்தாவபேதகமும் மைக்ரேனும் ஒன்றே, எல்லாம் முன்னோர் கண்டதே என்று எழுதுவோர் கூற்று ஏற்கத்தக்கதன்று. வளி, அழல், ஐயம் என்னும் கருத்தமைப்பும் நரம்புப் புரதம் என்னும் கருத்தமைப்பும் வேறு. பழைய நூல்கள் எதுவும் ஒருதலை வலியை யாப்பியப் பட்டியலில் வைத்ததாகவும் நான் கூறவில்லை. நோய் பற்றிய அச்சிந்தனை வகை இதற்குப் பொருந்துகிறது என்பதே வாதம். நசியமும் பேதியும் இங்கு வரலாறாகப் பேசப்பட்டனவேயன்றி மருத்துவக் குறிப்பாக அல்ல. முன்பு இல்லாத கடுமையில் திடீரென எழும் தலைவலி, காய்ச்சலோடோ கைகால் தளர்ச்சியோடோ பேச்சுக் குழறலோடோ வரும் தலைவலி ஆகியவற்றை யாப்பியம் என்று வைத்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். மறுபுறம், பழநூல்களை மூடநம்பிக்கை என ஒதுக்குவோர், நோயாளியிடம் அவை கேட்ட கேள்விகளையாவது படித்துப் பார்க்கலாம். விடைகள் பழையனவாயிருக்கலாம். கேள்விகள் பல இன்றும் மருத்துவர் மேசையில் உள்ளன.

பெங்களூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் செய்து 2015இல் வெளியான ஆய்வு, ஓராண்டில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு எனக் கண்டது. உலகெங்கும் ஆடவரைவிடப் பெண்டிர்க்கு இது இரண்டு மூன்று மடங்கு மிகுதி. சாகேத நகரத்துச் செட்டியின் மனைவியை முதல் நோயாளியாக வைத்த பாலி நூல் தற்செயலாகவேனும் சரியான இடத்தில் தொடங்கியிருக்கிறது.

என் தாயாருக்கு முப்பதாண்டுத் தலைவலி. நகரத்து மருத்துவர் ஒருவர் மாத்திரை எழுதித் தந்ததோடு, வலி வரும் நாளையும் நேரத்தையும் குறித்துவரும்படி கூறினார். அதற்கென வாங்கிய குறிப்பேடு வெறுமையாகவே கிடந்தது. அடுத்தமுறை சென்றபோது அவர் பையிலிருந்து எடுத்தது அடுக்களைச் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டி. பால்கணக்கிற்கு இட்ட கோடுகளுக்கு நடுவே சில நாள்களில் சிறு வட்டம். வட்டத்துள் சில இடங்களில் ஒரு புள்ளி. புள்ளி மாத்திரை போட்ட நாள் என்றார். மூன்று ஆண்டு நாள்காட்டிகளை அவர் கழித்துப்போடாமல் வைத்திருந்தார். யாரும் கேட்காததால் யாரிடமும் காட்டவில்லை. மருத்துவர் அவற்றை மேசைமேல் விரித்து வட்டங்களை எண்ணத் தொடங்கினார். ஆடியில் மிகுதியாக இருக்கிறதே என்றார். அது காற்றுக்காலம், எனக்குக் காற்று ஒத்துக்கொள்ளாது என்றார் என் தாயார்.